மண்ணில் கிடைக்கும் ரோமானியக் காசும் ஆட்சியருக்குத் தர வேண்டிய கடிதமும்

புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் கிணறு தோண்டும்போதோ வயலைச் சமன்படுத்தும்போதோ களிம்பேறிய பழங்காசு அகப்பட்டால், அதைப் புளி போட்டுத் தேய்ப்பது, பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போடுவது, கைப்பேசியில் படமெடுத்து விலை கேட்பது ஆகிய மூன்றுமே தவறானவை.

அருகிலுள்ள அரிக்கமேட்டில் 1945-இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்வு ரோமானிய வணிகத் தொடர்பைக் காட்டியது. கரூர் அமராவதி ஆற்றுப் படுகையில் ரோமானியச் செப்புக் காசுகள் கிடைத்துள்ளன. இவ்வகை வெண்கல, செப்புக் காசுகளில் ஒருபுறம் பேரரசரின் தலையும், மறுபுறம் சிறகு விரித்த வெற்றித் தெய்வமான விக்டோரியா, கதிர்முடி சூடிய சூரியக் கடவுளான சோல் போன்ற உருவங்களும் இருக்கும். தேய்ந்த காசில் அவ்வுருவத்தின் புடைப்பு மயிரிழையளவே எஞ்சியிருக்குமாதலால், புளியில் ஊறினால் களிம்போடு சிறகும் எழுத்தும் போய்விடும். எனவே தேய்க்கக் கூடாது, கழுவவும் கூடாது, ஈரமுலர்ந்தபின் காகித உறையில் இடுவதே போதும்.

மண்ணில் மறைந்து கிடந்த, மதிப்புள்ள எப்பொருளையும் புதையல் எனக் கொள்ளும் 1878-ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம், பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புடையதைக் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும் என்கிறது. கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்தில் வாய்மொழியாகச் சொல்வது அறிவிப்பாகாது. கடிதத்தில் பொருளின் தன்மை, அளவு அல்லது உத்தேச மதிப்பு, கிடைத்த இடம், கிடைத்த நாள் ஆகிய நான்கும் இருக்க வேண்டும். இடத்துக்கு ஊர்ப்பெயரோடு நில அளவை எண்ணையும் குறிப்பது நல்லது. பொருளை அருகிலுள்ள அரசுக் கருவூலத்தில் ஒப்படைக்க வேண்டும், அல்லது ஆட்சியர் ஏற்கும் பிணை தர வேண்டும். மனு வாங்கும் மேசைகளில் ஒப்புகை தர மறுக்கும் சோம்பல் இன்னும் ஒழியாததால், கடிதத்தின் நகலில் முத்திரையும் தேதியும் பெறாமல் திரும்பக் கூடாது. மறுத்தால் சேர்ப்புச் சான்று கோரி விரைவுத் தபாலில் அனுப்பலாம்.

அறிவித்தால் அரசு பறித்துக்கொள்ளும் என்ற அச்சம் முழு உண்மையன்று. உரிமையாளர் எவருமில்லை என ஆட்சியர் அறிவித்தால், வேறு உடன்பாடு இல்லாதவிடத்து, கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கும் நிலவுடைமையாளருக்குக் கால் பங்கும் சேரும். அரசே எடுத்துக்கொள்வதாயின் அதன் மூலப்பொருளின் மதிப்போடு அம்மதிப்பில் ஐந்தில் ஒரு பங்கு கூட்டித் தர வேண்டும். மறைத்தாலோ அப்பங்கு அரசுக்குப் போவதோடு, ஓராண்டுவரை சிறையோ அபராதமோ இரண்டுமோ விதிக்கப்படலாம்.

இணையத்தில் இலட்சக்கணக்கில் விலை சொல்லி முன்பணம் கேட்பவர்களைப் பற்றி இந்திய ரிசர்வ் வங்கி 2021-இலேயே எச்சரித்துள்ளது. பணம் இழந்தவர் உடனே 1930-ஐ அழைக்க வேண்டும். நூறாண்டு கடந்த காசு 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி தொல்பொருளாதலால், அதைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவது குறைந்தது ஆறு மாதச் சிறைக்குரிய குற்றம். காசு கிடைத்தவர்கள் அதைத் தேய்க்காமல், விற்காமல், முதலில் ஆட்சியருக்குக் கடிதம் எழுத வேண்டும்.