பத்தில் மூன்றாம் பிரதி

சில மாதங்களுக்கு முன் எங்கள் கிளைக்கு ஓய்வுபெற்ற வாடிக்கையாளர் ஒருவர், துணியில் சுற்றிய தட்டையான பொதியொன்றைச் சுமந்து வந்தார். உள்ளே, கண்ணாடிச் சட்டமிட்ட ரவிவர்மா ஓவிய அச்சு. நிலவொளியில் ஒரு பெண் அமர்ந்திருக்கிறாள். ஓய்வுக்காலப் பணப்பயனில் கணிசமான பகுதியை அதற்குக் கொடுத்திருந்தார். ‘வரம்பிட்ட பதிப்பு’ என்ற சான்றிதழும் உடனிருந்தது. மகள் திருமணம் நெருங்குகிறது. இதன்மீது கடன் கிடைக்குமா என்பது அவர் கேள்வி.

கலைப்பொருளை ஈடாகக் கொண்டு நாங்கள் கடன் வழங்குவதில்லை என்று கூறினோம். பின்னர் சான்றிதழை வாசித்தோம். தாள் கனமானது, முத்திரை பொன்னிறமானது. ஆனால் மொத்தம் எத்தனை பிரதிகள், இது எத்தனையாவது என்ற இரண்டு எண்களும் அதில் இல்லை. வரம்பு எதுவென்று சொல்லாத வரம்பிட்ட பதிப்பு அது. கையொப்பமும் இல்லை, இருக்கவும் இயலாது, ரவிவர்மா 1906-இலேயே மறைந்துவிட்டார்.

அன்று தொடங்கிய ஆர்வத்தில் சிறிது படித்தோம், சில கண்காட்சிகளுக்கும் சென்றோம். எண்ணிட்ட அச்சுப் பிரதி என்பதன் பொருளை நமக்குத் தெளிவாக உணர்த்தக்கூடியவர் பெங்களூரைச் சேர்ந்த கலைஞர் புஷ்பமாலா என். என்று தோன்றுகிறது. அவரும் ரவிவர்மாவின் அதே நிலவொளிப் பெண்ணிடம் சென்றவர். ஆனால் முற்றிலும் வேறொரு வழியில்.

1956-இல் பிறந்த புஷ்பமாலா, பரோடாவின் மகாராஜா சயாஜிராவ் பல்கலைக்கழகத்தில் சிற்பம் பயின்றவர். சுடுமண் சிற்பங்களால் பெயர் பெற்ற பின்னர், தொண்ணூறுகளின் நடுவில் களிமண்ணை விடுத்துத் தம் உடலையே ஊடகமாக்கிக் கொண்டார். பெயர் நிலைத்துவிட்ட ஒருவர் தொழிலை மாற்றுவது எத்தகைய துணிவு என்பதை, கடன் விண்ணப்பங்களை நாள்தோறும் காணும் நாங்கள் அறிவோம். 1996–98 காலத்தில் உருவான ‘ஃபேண்டம் லேடி அல்லது கிஸ்மத்’ என்னும் கறுப்பு வெள்ளை ஒளிப்படத் தொடரில், முகமூடி அணிந்த வீராங்கனையாகவும் அவளுடைய இரட்டைச் சகோதரியாகவும் அவரே நடித்தார். 1935-இன் ‘ஹண்டர்வாலி’ படத்தில் சாட்டையேந்திப் புகழ்பெற்ற நாடியாவின் நிழல் அதில் தெளிவாகத் தெரியும்.

அடுத்து வந்தது அவருடைய பெரும்பணி. பெங்களூரில் வாழும் ஒளிப்படக் கலைஞர் கிளேர் ஆர்னியுடன் இணைந்து 2000 முதல் 2004 வரை உருவாக்கிய ‘தென்னிந்தியாவின் பூர்விகப் பெண்கள்: நடையுடை பாவனைகளும் வழக்கங்களும்’ என்ற தொகுப்பு. தலைப்பே பழைய ஆங்கிலேய அதிகாரிகளின் இனவரைவு நூல்களைக் கேலி செய்கிறது. நாம் அனைவரும் எங்கோ கண்டிருக்கும் பெண் உருவங்களைத் தேர்ந்தெடுத்து, திரைச்சீலை, நகை, விளக்கொளி அனைத்தையும் புதிதாக அமைத்து, நடுவில் தாமே நின்றார் புஷ்பமாலா. ரவிவர்மாவின் 1889-ஆம் ஆண்டு நிலவொளிப் பெண், ரவிவர்மா அச்சகத்தின் இலட்சுமி, பிஜாப்பூர் ஓவியத்து யோகினி, எழுபதுகளின் தமிழ்த் திரைப்படமொன்றில் சாட்டை சுழற்றும் நாயகி, வேளாங்கண்ணி மாதா, செய்தித்தாளில் வெளிவந்த குற்றவாளிப் பெண்களின் படம் என ஒவ்வொன்றிலும் அவரே.

இவற்றுள் நம்மைச் சிந்திக்க வைப்பது ‘தோடர்’ என்ற படம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மனித உடல்களை அளந்து பதிவு செய்த காலனிய ஒளிப்படங்களைப் பின்பற்றியது அது. பெண்ணொருத்தி கட்டமிட்ட பின்புலத்தின் முன் நிற்கிறாள், ஏதோ சரக்கிருப்புப் பதிவேட்டின் ஓர் இனம் போல. இலட்சுமியாகக் காட்சி தந்த அதே முகம் இங்கே அளவுகோலின் முன் நிற்கும்போது, படம் எடுத்தவர் யார், யாருக்காக எடுத்தார் என்ற கேள்வி தானாகவே எழுகிறது. தொகுப்பின் மற்றொரு பகுதியில் அரங்கு அமைக்கும் வேலைகளையும் ஒப்பனைக்கு முந்திய தருணங்களையும் அவர்கள் காட்டியிருப்பதும் இக்காரணத்தால்தான் எனக் கருதுகிறோம். 2019-இல் சென்னை ஒளிப்பட பினாலேயின் கலை இயக்குநராகப் பொறுப்பேற்றவரும் இவரே.

இனி நம் துறை சார்ந்த கேள்விக்கு வருவோம். நடிப்பு நிகழ்ந்து முடிந்துவிடுகிறது. வாங்குபவர் எதை வாங்குகிறார்?

ரவிவர்மாவிடம் இதற்கு ஒரு விடை இருந்தது. 1894-இல் அவர் பம்பாயில் தொடங்கிய அச்சகத்தில் தெய்வப் படங்கள் எண்ணற்றுப் பெருகின. எளியோர் வீட்டுப் பூசையறைக்கும் சென்றன. எண்ணும் இல்லை, வரம்பும் இல்லை. நாடே படத்தை வாங்கியும் அச்சகம் கடனில் ஆழ்ந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஷ்லைஷர் என்ற ஜெர்மானியத் தொழில்நுட்ப வல்லுநரின் கைக்கு மாறியது. (நடைமுறை மூலதனத்தைப் பற்றி எவரேனும் அவருக்கு எடுத்துரைத்திருக்கலாம்.)

இன்றைய கலைஞர்களின் விடை இதற்கு நேர்மாறானது. பத்துப் பிரதிகள் மட்டுமே என்று முன்கூட்டியே அறிவித்து, ஒவ்வொன்றிலும் 3/10 என்பது போல் எண்ணிட்டுக் கையொப்பமிடுகிறார்கள். கீழெண் மொத்தப் பிரதிகளைக் குறிக்கும். மேலெண் இது எத்தனையாவது பிரதி என்பதை. இவற்றுக்கு அப்பால் ‘கலைஞர் பிரதி’ எனச் சில இருக்கும். அவற்றின் எண்ணிக்கையையும் கேட்டறிய வேண்டும். ஒளிப்படத்தைப் பொறுத்தவரை இது முழுக்க முழுக்க ஒரு வாக்குறுதிதான். செப்புத்தகடு தேயும், மின்னணுக் கோப்பு தேயாது. பதினோராவது பிரதியைத் தடுப்பது கலைஞரின் சொல் ஒன்றே. அதே படம் வேறோர் அளவில் தனிப் பதிப்பாக வெளிவருமா என்பதையும் எழுத்தில் பெறுவது நன்று.

எழுத்தின் அருமையை உலகப் புகழ்பெற்ற மரினா அப்ரமோவிச்சின் வாழ்வில் காணலாம். பெல்கிரேடில் பிறந்த இவர், 1976 முதல் 1988 வரை உலாய் என்ற கலைஞருடன் இணைந்து நிகழ்த்துக்கலை புரிந்தார். சீனப் பெருஞ்சுவரின் இரு முனைகளிலிருந்தும் நடந்து வந்து, நடுவில் சந்தித்துப் பிரிந்தனர். நிகழ்வுகள் மறைந்தன, அவற்றின் ஒளிப்படங்களும் காணொளிகளும் விலைபோயின. வருவாய்ப் பங்கீடு குறித்து இருவரும் 1999-இல் ஒப்பந்தம் செய்துகொண்டனர். அது மீறப்பட்டது என உலாய் வழக்குத் தொடுக்க, 2016-இல் நெதர்லாந்து நீதிமன்றம் அவருக்கு 2,50,000 யூரோவுக்கு மேல் வழங்குமாறு தீர்ப்பளித்தது. காதல் முறிந்து இருபத்தெட்டு ஆண்டுகள் கழித்தும் கணக்கு உயிரோடிருந்தது.

எதிர்முனையில் டினோ சேகல் இருக்கிறார். இவர் தம் நிகழ்வுகளைப் படமெடுக்க அனுமதிப்பதில்லை. விற்பனையும் வாய்மொழியாகவே, சட்டப் பதிவாளர் முன்னிலையில் நடக்கிறது. நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் அவருடைய ‘முத்தம்’ என்ற படைப்பை இவ்வாறுதான் வாங்கியது. ஆவணமில்லா விற்பனை! எங்கள் தணிக்கையாளர்கள் இதை வாசிக்காதிருப்பதே நலம்.

நம் நாட்டில் வாங்குவோர் அறிய வேண்டியவை சில உண்டு. பிரதியை வாங்குவதால் பதிப்புரிமை கைமாறுவதில்லை; அதை நாட்காட்டியில் அச்சிட உங்களுக்கு உரிமையில்லை. ஓவியம், சிற்பம், வரைபடம் ஆகியவற்றின் மூலப்படைப்பு 10,000 ரூபாய்க்கு மேல் மறுவிற்பனையாகும்போது, 10 விழுக்காட்டுக்கு மேற்படாத பங்கு கோரப் பதிப்புரிமைச் சட்டம் படைப்பாளிக்கு இடமளிக்கிறது. ஒளிப்படம் அப்பட்டியலில் இல்லை என்பது எங்களுக்குச் சற்று வருத்தமே. வருமான வரியில் கலைப்படைப்பு, தனிப்பட்ட பயன்பாட்டுப் பொருளாகக் கருதப்படாமல் மூலதனச் சொத்தாகவே கொள்ளப்படும். 24 மாதங்களுக்கு மேல் வைத்திருந்து விற்றால், இலாபத்தின்மீது 12.5 விழுக்காடு நீண்டகால மூலதன ஆதாய வரி உண்டு. எனவே வாங்கிய ரசீதைப் படத்தைக் காட்டிலும் பத்திரமாக வையுங்கள். படத்தையோ நேர்வெயில் படாத, ஈரம் ஏறாத சுவரில் வையுங்கள்; பூஞ்சை பிடித்த 3/10-ஐ வாங்க ஆளில்லை.

விலை ஏறுமா என்று கேட்கிறார்கள். வைப்புத்தொகைக்கு முதிர்வு நாள் உண்டு, பங்குக்கு அன்றாட விலை உண்டு. அச்சுப் பிரதிக்கு இரண்டும் இல்லை. விற்க நினைக்கும் நாளில் வாங்குபவரைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். திருமணத்துக்கோ மருத்துவத்துக்கோ தேவைப்படக்கூடிய பணத்தை இதில் இட வேண்டாம் என்பதே எங்கள் உறுதியான கருத்து.

அந்த வாடிக்கையாளருக்கு அவருடைய வைப்புத்தொகையின்மீது கடன் வழங்கினோம். திருமணம் இனிதே நடந்தேறியது. மொத்தப் பிரதிகள் எத்தனை என்று கேட்டு, விற்றவருக்குப் பதிவு அஞ்சலில் கடிதம் அனுப்பியிருக்கிறார். ஒப்புகை அட்டை திரும்பி வந்துவிட்டது, பதில் இன்னும் வரவில்லை. படம் அவர் வீட்டுக் கூடத்தில் தொங்குகிறது. பக்கத்திலேயே, அவருடைய பாட்டி காலத்து ரவிவர்மா அச்சக இலட்சுமி, சட்டத்தின் ஓரம் செல்லரித்த நிலையில் இருக்கிறது. சென்ற வாரம் அதைக் கழற்றிப் பின்புறம் என்ன அச்சிட்டிருக்கிறது என்று பார்க்கும்படி அவரிடம் சொல்லி வந்தோம்.