மணி பார்த்துக் கொடுக்க வேண்டிய மாத்திரை

புற்றுநோயாளிகளின் வீடுகளுக்குப் போகும் வலி நிவாரணச் செவிலியர் நான். மார்ஃபின் மாத்திரை அட்டையை எடுத்தாலே வீட்டார் கேட்பது, "சிஸ்டர், இது பழக்கமாயிடாதா?" ஓர் அம்மா, கணவரின் மாத்திரைகளை அரிசி டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தார். அவர் வலி தாங்காமல் கத்தினால் மட்டும் ஒன்று எடுத்துக் கொடுப்பார். "அவர் நல்லதுக்குத்தான் சிஸ்டர்" என்றார். இந்தப் பயத்தால் மனிதர்கள் வீணாக வலியில் துடிப்பதை என்னால் பொறுக்க முடிவதில்லை.

மார்ஃபின், மூளையிலும் தண்டுவடத்திலும் வலி உணர்வு கடந்து போகும் வழியை அடக்குகிறது. சாதாரண மாத்திரை சுமார் 4 மணி நேரம் கேட்கும். அதனால் வலி திரும்புவதற்கு முன்பே அடுத்ததைக் கொடுக்க வேண்டும். 'நேரம் தவறாமல்' என்பது உலக சுகாதார நிறுவனம் 1986இலேயே வகுத்த வழிமுறை. அந்த அம்மாவுக்கு காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தேன்: காலை 6, 10, மதியம் 2, மாலை 6, இரவு 10. கடைசி வேளைக்கு மட்டும் டாக்டர் இரட்டிப்பாக எழுதியிருந்தார், நடுராத்திரியில் எழுப்ப வேண்டியிருக்காது.

நாள்பட நாள்பட அதே அளவு போதாமல் போகலாம். உடம்பு மருந்துக்குப் பழகியிருக்கும். பல நேரம் கட்டியும் வளர்ந்திருக்கும். டாக்டர் அளவைக் கூட்டினால் நோயாளி போதைக்கு அடிமையாகிவிட்டார் என்று பொருளல்ல. முன்பு குடியோ போதைப் பழக்கமோ இருந்தவர்களிடம் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும்; அதை டாக்டரிடம் மறைக்காதீர்கள்.

தூக்கக் கலக்கமும் குமட்டலும் பெரும்பாலும் சில நாளில் அடங்கிவிடும். மலச்சிக்கல் அடங்காது. வலியைவிட அதற்கு அதிகம் அழுதவர்கள் உண்டு. மார்ஃபின் தொடங்கும் நாளிலேயே மலமிளக்கியும் தொடங்க வேண்டும்.

உண்மையான ஆபத்து மூச்சில் இருக்கிறது. எழுப்பினாலும் எழாத தூக்கம், விட்டுவிட்டு வரும் மூச்சு, ஊசிமுனையாகச் சுருங்கிய கண்பாவை, இவற்றைக் கண்டால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். மார்ஃபினை முறிக்க நலோக்சோன் ஊசி உண்டு. மது, தூக்கமாத்திரை, பழுதான சிறுநீரகம் மூன்றும் ஆபத்தைப் பெருக்கும். பல வாரம் சாப்பிட்டதைத் திடீரென நிறுத்தினால் வியர்வை, வயிற்றுப்போக்கு, உடம்பு முறுக்கல் வரும். படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

நோயாளி இறந்தபின், மீந்த மாத்திரையைப் பக்கத்து வீட்டார் இடுப்பு வலிக்கென்று கேட்பார்கள். தயவுசெய்து கொடுக்காதீர்கள். நோயாளிக்குப் பழகியிருந்த அளவு, பழகாத உடம்பில் மூச்சையே நிறுத்திவிடும். மிச்சத்தை எண்ணி, மருந்து தந்த இடத்திலேயே ஒப்படைத்துவிடுங்கள்.