வீட்டைக் காலி செய்யும் வழக்கு எந்தக் கோர்ட்டுக்கு? தெரியுமா?

அமெரிக்காவில் ஒரு வீட்டுக்காரர், குடியிருப்பவரைக் காலி செய்யச் சொல்லி மாநிலக் கோர்ட்டில் வழக்குப் போடுகிறார். விசாரணைக்கு இரண்டே நாள். ஒரே ஒரு காகிதம் அந்த விசாரணையை நிறுத்திவிடும், தெரியுமா? நீதிபதியின் அனுமதிகூட வேண்டாம்! வழக்கை ஃபெடரல் கோர்ட்டுக்கு, அதாவது மத்திய நீதிமன்றத்துக்கு மாற்றுவதாக அங்கே ஓர் அறிவிப்பைத் தாக்கல் செய்து, எதிர்த்தரப்புக்கும் தெரிவித்து, நகலை மாநிலக் கோர்ட்டில் கொடுத்தால் போதும். வழக்கு திரும்பி வரும்வரை மாநில நீதிபதி அதைத் தொடக் கூடாது!

ஆனால் அநேகமாக எல்லா வழக்கும் திரும்பித்தான் வருகிறது. லாஸ் ஏஞ்சலஸ் ஃபெடரல் கோர்ட்டுக்கு இப்படி வந்து சேர்ந்த காலி செய்யும் வழக்குகள் ஏராளம். "இது எங்கள் வேலை இல்லை" என்று வந்த வேகத்தில் திருப்பிவிடுகிறார்கள்.

ஏன்? இங்கேதான் ஒரு ரயில் பாஸ் வருகிறது! 1871-ல் லூயிவில் அண்டு நாஷ்வில் கம்பெனியின் ரயில் விபத்தில் அடிபட்ட மாட்லி தம்பதிக்கு, ஈடாக ஆயுள் முழுக்க இலவசப் பயணம் என்று கம்பெனி எழுதிக் கொடுத்தது. 1906-ல் இலவச பாஸுக்கு எதிராக ஒரு மத்தியச் சட்டம் வந்த பிறகு கம்பெனி கை விரித்தது. தம்பதி ஃபெடரல் கோர்ட்டுக்குப் போனார்கள், அங்கே ஜெயித்தார்கள். 1908-ல் உச்ச நீதிமன்றமோ, இரு தரப்பும் கேட்காமலே, "இந்த வழக்கு இங்கே வந்திருக்கவே கூடாது" என்றுவிட்டது! உங்கள் பிராது வெறும் ஒப்பந்த மீறல், மத்தியச் சட்டம் எதிராளியின் பதிலில்தான் வரும், பதிலை வைத்து வாசல் திறக்காது என்றது. மறுபடி மாநிலக் கோர்ட்டில் தொடங்கி, ஜெயித்து, 1911-ல் அதே உச்ச நீதிமன்றத்தில் தோற்றார்கள். பாவம்!

அந்த விதிதான் இன்றும் குடியிருப்பவரைத் திருப்பி அனுப்புகிறது. வங்கி ஜப்தி செய்த வீட்டில் வாடகைக்கு இருப்பவருக்கு 90 நாள் அவகாசம் தரச் சொல்லும் 2009-ஆம் ஆண்டுச் சட்டம் மத்தியச் சட்டம்தான். ஆனால் அது குடியிருப்பவரின் பதில் என்பதால், அதைச் சொல்ல வேண்டிய இடம் மாநிலக் கோர்ட்! இதை அறியாமல் தவறான வாசலில் பணத்தையும் நாட்களையும் தொலைப்பவர்களை நினைத்தால் மனசு பதறுகிறது.

"வீட்டுக்காரர் வேறு மாநிலத்துக்காரர் ஆயிற்றே?" என்று கேட்கலாம். இரு தரப்பும் வெவ்வேறு மாநிலத்தவர் என்றால் ஃபெடரல் கோர்ட்டுக்கு வழி உண்டுதான், ஆனால் தகராறு 75,000 டாலரைத் தாண்ட வேண்டும். அப்படித் தாண்டினாலும், வழக்கு நடக்கும் மாநிலத்தின் குடிமகனே பிரதிவாதி என்றால் அந்த வழியும் அடைப்பு! வீட்டில் குடியிருப்பவர் பெரும்பாலும் அந்த மாநிலத்துக்காரர்தானே? அமெரிக்க அரசே வீட்டுக்காரராக இருந்தால் மட்டும் கதை வேறு. அரசு நேராக ஃபெடரல் கோர்ட்டுக்கே போகலாம்.

அப்படியானால் குடியிருப்பவருக்கு ஃபெடரல் கோர்ட் வாசல் திறக்கவே திறக்காதா? திறந்தது, அந்த ரயில் கம்பெனியின் பெயரில் வந்த அதே லூயிவில் ஊரில்! உள்ளூர் அரசுக் குடியிருப்பில் இருந்த சிலருக்குத் தங்கள் மேல் வழக்கு நடந்ததே தெரியாது. தீர்ப்பும் ஆகி, அப்பீலுக்கான கெடுவும் முடிந்து, காலி செய்யும் உத்தரவு கைக்கு வந்தபோதுதான் தெரிந்தது. சம்மன்? கதவில் ஒட்டினார்களாம்! அப்படி ஒட்டிய காகிதங்களைப் பிள்ளைகள் கிழித்துப் போடுவது உண்டு என்று சம்மன் கொடுப்பவர்களே சாட்சி சொன்னார்கள்.

இந்தத் தடவை குடியிருந்தவர்கள் பதில் சொல்லும் பிரதிவாதிகள் அல்ல, வழக்குப் போட்ட வாதிகள்! அரசமைப்புச் சட்ட உரிமை பறிபோனது என்பதே அவர்கள் பிராது. கையில் எடுத்த சட்டம் எந்த ஆண்டினது தெரியுமா? அந்த ரயில் விபத்து நடந்த அதே 1871! ஃபெடரல் கோர்ட்டில் தொடங்கிய வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1982-ல் தீர்ப்பு: அந்தக் குடியிருப்பில் கதவில் ஒட்டினால் மட்டும் போதாது. தபாலில் அனுப்பியிருக்கலாமே என்று கேட்டது உச்ச நீதிமன்றம்!