காலைக் கிண்ணத்தில் கலந்த சீனி

‘சத்து’ என்னும் சொல்லுக்கு மலையகத் தாய்மார் உள்ளத்தில் தனி மதிப்பு உண்டு. பிள்ளை மெலிந்தால் சத்துப் போதவில்லை என்பர். தேறினால் சத்துப் பிடித்துவிட்டது என்பர். அச்சொல்லைத் தம் மேனியிற் பொறித்துக்கொண்டு வண்ணப் பெட்டிகள் பல இன்று அட்டன் கடைவீதிக்கும் வந்து சேர்ந்துள்ளன. பாலில் இட்டு உண்ணும் இனிப்புத் தானியச் சிற்றுண்டியையே குறிப்பிடுகின்றேன். அண்மையில் கடையொன்றில் கொழுந்தெடுக்கும் தாயொருத்தி அத்தகைய பொட்டலம் ஒன்றை என்னிடம் நீட்டி, “ஐயா, இதுல சத்து இருக்குங்களா? சின்னவன் ரொட்டி திங்க மாட்டேங்கிறான், இதத்தான் கேக்குறான்” என்று வினவினாள். அவ்வினா ஒரு சொல்லில் விடை கூறத்தக்கதன்று.

இவ்வுணவின் வரலாறே வியப்புக்குரியது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், பட்டில் கிறீக் நகரில் மருத்துவ நிலையம் நடத்திய ஜோன் ஹார்வி கெலொக், நோயாளருக்கு எளிதிற் செரிக்கும் உணவை நாடியபோது, 1894இல் தானியச் செதில் உருவாயிற்று. சீனியை அவர் வெறுத்தவர். 1906இல் தனி நிறுவனம் நிறுவிய தம்பி வில் கீத், செதிலிற் சீனியைச் சேர்த்தார். 1953இல் அந்நிறுவனம் வெளியிட்ட சிற்றுண்டியொன்றில் எடையிற் பாதிக்கு மேல் சீனியே இருந்தது. நோயாளரின் பத்திய உணவு அறுபது ஆண்டுகளுக்குள் மிட்டாயாக மாறிவிட்டது!

பெட்டியின் பின்புறத்தில் சேர்மானங்கள், எடை மிகுந்தது முதலாகக் குறைந்தது ஈறாக வரிசையாய் எழுதப்பட்டிருக்கும். தானியத்தை அடுத்துச் சீனி நிற்குமாயின் அதன் அளவு சிறிதன்று. குளுக்கோசுப் பாகு, தேன் எனப் பல பெயர்களில் அது பிரிந்து நிற்பினும் உடலுக்கு அவை யாவும் சீனியே. தவிடும் முளையும் நீக்கப்பட்ட தானியத்தில் விற்றமின்களையும் இரும்பையும் பின்னர்ச் சேர்க்கின்றனர். அவற்றால் பயன் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் இழந்த நார்ப்பொருள் அதனால் மீள்வதில்லை. செயற்கை நிறங்கள் சில, குழந்தைகளின் துடுக்கையும் கவனச் சிதறலையும் மிகுவிக்கக்கூடும் என்று 2007இல் இங்கிலாந்தின் சவுதாம்ப்டன் ஆய்வு காட்டிற்று. 2010 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் அந்நிறங்கள் சேர்ந்த உணவுகளில் எச்சரிக்கை வாசகம் இடம்பெறுகின்றது.

சிறிது கணக்குப் பார்ப்போம். சிறுவர்க்கான இத்தகைய சிற்றுண்டிகள் பலவற்றில் எடையின் கால் பங்கு முதல் மூன்றிலொரு பங்கு வரை சீனி உண்டு. 30 கிராம் கொண்ட கிண்ணம் ஒன்றில் ஏறத்தாழ 9 கிராம் எனக் கொள்வோம். அதனுடன் இரண்டு தேக்கரண்டிச் சீனியிட்ட சாயத் தண்ணியும் பருகினால், மேலும் 8 கிராம். சேர்க்கும் சீனி மொத்தச் சக்தியில் பத்து விழுக்காட்டுக்குக் குறைய வேண்டும், ஐந்துக்குக் குறைந்தால் மேலும் நன்று என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2015ஆம் ஆண்டு அறிவுரை. நாளொன்றுக்கு 1,200 கலோரி தேவைப்படும் சிறுவனுக்கு ஐந்து விழுக்காடு என்பது 15 கிராம். காலை விடிந்ததும் அவன் அவ்வெல்லையைக் கடந்துவிடுகின்றான்! வாயிலுள்ள நுண்ணுயிர்கள் சீனியை அமிலமாக்கிப் பல்லை அரிக்கின்றன. குருதியில் விரைந்தேறிய குளுக்கோசு விரைந்தே இறங்க, பத்து மணிக்குள் பசி மீள்கின்றது.

வசதி மிக்க நாடுகளில் இதனால் உடற்பருமன் பெருகுகின்றது என்று கவலைப்படுகின்றனர். நம் தோட்டங்களிலோ நிலைமை வேறு. 2016ஆம் ஆண்டுக் குடிசன, சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் வயதுக்கேற்ற உயரமின்றிக் குன்றியோர் நாடளாவிய நிலையில் 17.3 விழுக்காடு, தோட்டப்புறத்தில் 31.7 விழுக்காடு. வளர்ச்சி குன்றிய பிள்ளையின் சிறு வயிற்றில் இடம் மிகக் குறைவு. அவ்விடத்தைச் சீனி நிரப்புமாயின், முட்டைக்கும் பருப்புக்கும் கீரைக்கும் எங்கே இடம்? உணவோடு பருகும் தேநீரின் துவர்ப்பு, உணவிலுள்ள இரும்பு உடலிற் சேர்வதையும் தடுக்கின்றது.

மாற்றுணவு அயலிலேயே உள்ளது. 1973 முதல் இந்நாட்டில் கருவுற்ற தாய்மார்க்கும் எடை குறைந்த பிள்ளைகளுக்கும் வழங்கப்பட்டு வரும் திரிபோஷா, சோளமும் சோயாவும் பால்மாவும் சேர்ந்ததே. தேங்காய்ப்பூ சேர்த்து அதனை உருண்டையாக்கும்போது, சீனியை ஒரு சிட்டிகையோடு நிறுத்துதல் நன்று. குரக்கன் ரொட்டியில் சுண்ணாம்புச் சத்து மிகுதி. அவித்த கடலையும் கௌபியும் புரதம் அளிப்பன.

ஆனால் விடியுமுன் எழுந்து பிரட்டுக்கு ஓடும் தாயிடம் குரக்கன் ரொட்டி சுடச் சொல்வது எளிது; அதற்கு வேண்டிய நேரத்தை யார் தருவது? பொட்டலத்தை அவள் நாடுவது அறியாமையால் மட்டுமன்று. நேரமின்மையாலும் பிள்ளைமேற் கொண்ட பாசத்தாலுமே. ஆகவே, பிள்ளை மடுவங்கள்தோறும் காலையில் சூடான தானியக் கஞ்சியும் ஒரு முட்டையும் கிடைக்க வழி செய்தல் தோட்ட நிருவாகங்களுக்கும் அரசுக்கும் கடமையாகும். அதுவரையில், 2016இல் இனிப்புப் பானங்களுக்கு வந்து, பின்னர்த் திண்ம உணவுகளுக்கும் விரிந்த வண்ணக் குறியைத் தாய்மார் நோக்குவார்களாக. சிவப்பு வட்டத்துடன் ‘சீனி’ என்றிருப்பின், அப்பொட்டலம் திருநாளுக்குரிய தின்பண்டமேயன்றி அன்றாடக் காலை உணவன்று.