கரும்பின் மரபேடும் கணிப்பொறித் திரையும்

கோவையில் 1912இல் தோன்றிய கரும்பு இனப்பெருக்க நிறுவனத்தில், 'வெள்ளை' எனும் தடித்த கரும்பையும் காட்டு நாணலையும் கலந்து உருவாக்கப்பட்ட 'கோ 205', 1918இல் வெளியாயிற்று. இன்றைய கரும்பு வகைகளுள் மிகப் பெரும்பாலானவற்றில் இவ்விரு இனங்களின் குருதியே ஓடுகிறது. (தாவரத்திற்குக் குருதி ஏதென்று தாவரவியல் ஆசிரியர்கள் சினவாதிருப்பாராக!)

இக்கலப்பு தந்த இனிமையோடு ஒரு சிக்கலும் வந்தது. மனிதருக்குக் குரோமோசோம்கள் 46. கரும்புக்கோ நூற்றுக்கும் மேல். ஒரே மரபணு பத்துப் பன்னிரண்டு படிகளாக இருக்கும். படிக்குப் படி ஓரிரு எழுத்துகளே வேறுபடும். மொத்தம் ஏறத்தாழ 1,000 கோடி எழுத்துகள் கொண்ட இவ்வேட்டை வெறுங்கண்ணால் படித்தல் இயலுமோ?

மரபேட்டுக் காட்சி மென்பொருள்கள் எழுந்தது இத்தேவையினால்தான். அவற்றுள் 'ஜேபிரவுஸ்' இலவசமாகக் கிடைப்பது; ஆய்வாளர் தம் கணிப்பொறியிலேயே நிறுவித் தம் வினாவிற்கேற்ப அமைத்துக்கொள்ளலாம். முதலில் அடிப்படை எழுத்துவரிசைக் கோப்பையும் அதற்குரிய சுட்டுக்கோப்பையும் இடுகிறார். ஏடு முழுவதையும் ஏற்றாமல் வேண்டிய பகுதியை மட்டும் எடுத்துத் தருவது அச்சுட்டே. பின்னர் மரபணுக்களின் இருப்பிடம், எழுத்து மாறுபாடுகள், ஆய்வகத்தில் படித்த துண்டுகள் ஆகியன ஒன்றன்கீழ் ஒன்றாகத் தடங்களாய் அமையும். ஊர் வரைபடத்தின்மேல் கிணறு, வாய்க்கால், வரப்பு என ஒளிபுகும் தாள்களை அடுக்குவதை ஒத்தது இது. எத்தடம் எந்நிறத்தில் தோன்ற வேண்டும் என்பதை அமைப்புக்கோப்பு ஒன்றில் எழுதிவிடலாம்.

ஆனால் அடிப்படை ஏடு எது என்பதில்தான் அனைத்தும் அடங்கியுள்ளது. 2018இல் வெளியான கரும்பு மரபேடு, சோளத்தின் வரிசையைத் துணைகொண்டு, படிகள் பலவற்றையும் ஒன்றாக மடித்துத் தொகுத்ததாகும். அதன்மேல் நம் துண்டுகளைப் பொருத்தினால், எல்லாப் படிகளின் துண்டுகளும் ஓரிடத்தில் குவியும். திரையில் அழகிய குன்று தெரியும். நோய் தாங்கும் மரபணு நாணலின் படியிலா, வெள்ளையின் படியிலா என்பது தெரியாது. புதுக்கரும்பு ஒன்றை உருவாக்கப் பத்தாண்டுக்கு மேல் ஆகும் நிலையில், கலப்பிற்குரிய பெற்றோரைத் தவறாகத் தேர்ந்தால் இழப்பு யாருக்கு? ஆய்வாளருக்கு மட்டுமன்று, அமராவதிப் பாசனத்தில் கரும்பு நடுவோருக்கும்தான்.

2024இல் 'ஆர்570' வகையின் மரபேடு, படிகளைப் பெருமளவு பிரித்துக்காட்டி வெளிவந்தது. துருநோயை நெடுங்காலமாகத் தாங்கிவரும் 'பிரு1' பகுதியை அதில் நெருங்கிக் காண முடிந்தது. எனினும் அது ரீயூனியன் தீவின் கரும்பு. கோவை வகைகளின் வேறுபாடுகளை நம்மவர் தனித்தடமாகச் சேர்த்தாக வேண்டும். அப்போதும் ஓர் எச்சரிக்கை தேவை. பழைய ஏட்டின் இட எண்களைப் புதிய ஏட்டின்மேல் இட்டுவிட்டால், குரோமோசோம் பெயர்கள் ஒத்திருக்கும்வரை மென்பொருள் மறுப்பேதும் சொல்லாது; தவறான இடத்தில் மிகத் திருத்தமாக வரைந்து காட்டிவிடும்.