சொற்புணர்ச்சியும் கணிப்பொறியும்

திருவண்ணாமலையில் செங்கம் சாலை வழியே ரமணாசிரமப் பகுதிக்குச் செல்வோர், பெயர்ப்பலகைகளில் இரு பெயர்களை மீண்டும் மீண்டும் காண்பர். ஒன்று ஊரின் பெயர். மற்றொன்று ஆசிரமத்தின் பெயர். இரண்டும் இவ்விரு சொற்கள் இணைந்து அமைந்தவை. இவ்விணைப்பைத் தமிழ் செய்யும் முறை வேறு; கணிப்பொறி செய்யும் முறை வேறு. அவ்வேறுபாட்டை ஈண்டுக் காண்போம்.

கணிப்பொறிக்கு எழுத்தென்பது எண்ணே. 1991-இல் வெளிவந்த யூனிகோடு முறை தமிழெழுத்துகளுக்கும் எண்களை வகுத்தது. அம்முறையில் ‘திரு’ என்பது த, இகரக்குறி, ர, உகரக்குறி என 2980, 3007, 2992, 3009 ஆகிய நான்கு எண்களின் தொடர். இத்தொடரைச் ‘சரம்’ என்பர். பூச்சரம் போன்றதே இதுவும். இரு சரங்களை இணைக்கப் பல நிரல்மொழிகளில் கூட்டல் குறியே போதும். பொறி, முதற்சரத்தின் இறுதி எண்ணையடுத்து இரண்டாம் சரத்தின் முதல் எண்ணை வைக்கும், எதனையும் மாற்றாது. எனவே, திரு, அண்ணாமலை என்னும் இரண்டையும் கொடுத்தால் ‘திருஅண்ணாமலை’ என்றே தரும்.

தமிழோ சொற்கள் சந்திக்கும் இடத்தை உற்றுநோக்குகிறது. புணர்ச்சியை இயல்பு, விகாரம் என வகுத்த நன்னூலார், விகாரத்தைத் தோன்றல், திரிதல், கெடுதல் என மூன்றாக்கினார். வாழைப்பழம், பொற்குடம், மரவேர் ஆகியன முறையே அவற்றிற்குச் சான்று. உயிரும் உயிரும் சந்திப்பின் உடம்படுமெய் தோன்றும். ‘திரு’வின் உகரத்திற்குப் பின் வகரம் தோன்றித் திருவண்ணாமலை ஆகிறது. எண்வழி நோக்கின், அகரத்தின் 2949 நீங்கி, அவ்விடத்தில் வகரத்தின் 2997 அமர்கிறது. மாறியது ஓரெண்ணே!

அவ்வாறாயின் இவ்விதியைப் பொறிக்குக் கற்பித்துவிட்டால் போதாதா? போதாது. ரமண, ஆசிரமம் என்பனவும் உயிரும் உயிருமாகவே சந்திக்கின்றன. ஆயினும் ‘ரமணவாசிரமம்’ என்று எவரும் சொல்வதில்லை. வடசொற்களாதலின் வடமொழிச் சந்திப்படி ரமணாசிரமம் ஆயிற்று. ஆகவே ஒலியோடு சொல்லின் பிறப்பையும் பொறி அறிதல் வேண்டும்.

இஃது இலக்கண ஆசிரியரின் கவலை மட்டுமன்று. கடிதம் அச்சிடும் நிரலில், எப்பெயர் வரினும் ‘க்கு’ சேர்க்குமாறு ஒருவர் எழுதுகிறார் எனக் கொள்வோம். ‘அலி’ என்னும் பெயரால் சோதித்தால் ‘அலிக்கு’ எனச் சரியாக வரும். நிரல் செம்மையானதென அவர் மகிழ்வார். பின்னர் அது ‘ரஹீம்க்கு’, ‘பாத்திமாக்கு’ என்று அச்சிடும். ரஹீமுக்கு, பாத்திமாவுக்கு என்பனவன்றோ முறை? தம் பெயரே பிழைபட்டு வரும் கடிதத்தை யார் உவப்பர்?

பொறியைப் பழிப்பதில் பயனில்லை. சொல்லாததை அது செய்யாது. நிரல் எழுதுவோர் பலர் புணர்ச்சி விதிகளைப் பயின்றாரல்லர். அவ்விதிகளைப் பயின்ற நாமோ நிரலின் பக்கம் செல்வதில்லை. மாணவச் செல்வங்களே, தேர்வுக்காக மனப்பாடம் செய்து மறந்துவிடும் புணரியலுக்கு இன்று புதியதொரு பணி காத்திருக்கிறது. அதனைக் கற்றுப் பொறிக்கும் கற்பியுங்கள்.