குழந்தைக்கு எந்த வகை ரத்த புற்றுநோய்? ஓரிரு நாளில் காட்டிக் கொடுக்கும் "லேசர்" சோதனை

குழந்தைக்கு காய்ச்சல் விட்டு விட்டு வருகிறது. முகம் வெளுத்துப் போச்சு. எங்கும் விழாமலே உடம்பில் நீலத் திட்டுகள். பல் தேய்த்தால் ஈறில் ரத்தம். "சத்து இல்ல, டானிக் வாங்கிக் கொடு" என்று பக்கத்து வீட்டில் சொல்வார்கள். பல நேரம் சாதாரண பிரச்சினையாகவே இருக்கும். ஆனால் சில குழந்தைகளுக்கு இது ரத்த புற்றுநோயின் அறிகுறி.

2 வகை

குழந்தைகளுக்கு வரும் ரத்த புற்றுநோயில் 4-ல் 3 பங்கு "ஏ.எல்.எல்." வகை. 100-க்கு 15 முதல் 20 பேருக்கு வருவது "ஏ.எம்.எல்.". மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் 2 செல்லும் சில சமயம் ஒரே மாதிரி தெரியும். ஆனால் வைத்தியம் வேறு வேறு. முதல் வகைக்கு 2 முதல் 3 ஆண்டு சிகிச்சை. ஏ.எம்.எல்.லுக்கு சுமார் 6 மாதம், பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் தங்கி கடுமையான கீமோதெரபி. சிலருக்கு எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சையும் தேவைப்படும். வகை தெரியாமல் மருந்தை தொடங்கினால் உயிருக்கே ஆபத்து.

லேசர் வெளிச்சம்

இங்குதான் "புளோ சைட்டோமெட்ரி" கைகொடுக்கிறது. இடுப்பு எலும்பில் ஊசி மூலம் கொஞ்சம் மஜ்ஜை எடுப்பார்கள். "முதுகுல ஊசி போட்டா கால் விளங்காம போயிடும்" என்ற பயம் தேவையில்லை. இந்த ஊசி தண்டுவடத்தை தொடுவதே இல்லை.

எடுத்த செல்களில் ஒளிரும் சாயம் ஒட்டிய மருந்தை கலப்பார்கள். ரேஷன் கடை வரிசை மாதிரி செல்கள் ஒவ்வொன்றாக லேசர் முன்னால் ஓடும். வினாடிக்கு ஆயிரக்கணக்கில் எண்ணலாம். எந்த செல்லில் எந்த நிறம் மின்னுகிறது என்று கம்ப்யூட்டர் குறித்துக் கொள்ளும்.

செல் மேல் இருக்கும் புரதங்களுக்கு "சி.டி." நம்பர் உண்டு. 13, 33, 117 சேர்ந்து மின்னினால் ஏ.எம்.எல். சந்தேகம் வலுக்கும். 10, 19 மின்னினால் ஏ.எல்.எல். பக்கம். ஒரு நம்பரை மட்டும் வைத்து டாக்டர்கள் முடிவு செய்வதில்லை. மரபணு சோதனையும் செய்வார்கள்.

மிச்சம் இருக்கா?

சிகிச்சைக்கு பிறகும் இதே சோதனை உண்டு. ஆயிரம் செல்லில் ஒரு புற்று செல் ஒளிந்திருந்தாலும் பிடித்து விடும். அதை வைத்துத்தான் அடுத்த கட்ட சிகிச்சை.

முதல் படி சாதாரண ரத்த பரிசோதனைதான். காய்ச்சலோடு வெளுப்பும் நீலத் திட்டும் சேர்ந்தால் டானிக்கோடு நிறுத்தாமல் உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.